அம்மாவை ஊரைவிட்டு அனுப்பச் சொல்கிறார்கள்

வாசகர் கடிதம்:

மருத்துவர் அவர்களுக்கு வணக்கம். குடவாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு வயது 52. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வயல் வேலைக்குத்தான் போகிறார். முதுகிலும் கைகளிலும் தேமல் போல வெளிறிய திட்டுகள் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக இருந்திருக்கின்றன. தங்கைக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்ததால் யாரிடமும் சொல்லாமல் முழுக்கை ரவிக்கை போட்டு மறைத்திருக்கிறார். சென்ற தை மாதம் சோற்றுப் பானையை இறக்கியபோது விரல் கொப்பளித்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். தொழுநோய் என்று சொல்லி 12 மாதங்களுக்கு மாத்திரை சாப்பிடச் சொன்னார்கள். இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கிப்போய்விட்டன.

மாத்திரையால் முகம் கறுத்ததும் ஊருக்குத் தெரிந்துவிட்டது. நடவுக்கு ஆள் கூட்டிப் போகிற அக்கா, இருபது ஆண்டுகளாக அம்மாவோடு ஒரே வயலில் குனிந்து நட்டவர், இந்தக் குறுவைக்குக் கூப்பிடவில்லை. டீக்கடையில் அம்மாவுக்கு மட்டும் பேப்பர் கப். என் மகனை அங்கன்வாடியில் தள்ளி உட்கார வைக்கிறார்கள். ஆவணியில் தங்கைக்கு நிச்சயம் செய்வதாக இருந்தது. கல்யாணம் முடியும் வரை அம்மாவை எங்காவது தொலைவில் உள்ள இல்லத்தில் சேர்த்துவிடுங்கள் என்று உறவினர்களே சொல்கிறார்கள். அம்மாவோ தனித் தட்டில் சாப்பிட்டுக்கொண்டு, பேரனைத் தூக்க மறுக்கிறார். “எந்தப் பிறவியில் செய்த பாவமோ, மாத்திரையை நிறுத்திவிட்டால் முகமாவது பழையபடி ஆகும்” என்கிறார். அம்மாவை அனுப்பத்தான் வேண்டுமா? பிள்ளைக்கு ஒட்டுமா? மாப்பிள்ளை வீட்டாரிடம் என்ன சொல்வது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

காரணங்களை விளக்குவதற்கு முன் உங்கள் கேள்விகளுக்கு நேரடியாக விடை சொல்லிவிடுகிறேன். அம்மாவை எங்கும் அனுப்ப வேண்டாம். மாத்திரையை ஒரு நாளும் நிறுத்த வேண்டாம். தட்டு, டம்ளர், பாய், துணி எதையும் பிரிக்க வேண்டாம். உங்கள் மகன் பாட்டியின் மடியில் உட்காரலாம், அவர் கையால் சோறு வாங்கி உண்ணலாம், அவர் அருகில் உறங்கலாம். ஆறுதலுக்காக இதைச் சொல்லவில்லை. இந்நோயைப் பற்றி மருத்துவம் உறுதியாக அறிந்திருப்பது இதுதான்.

தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் 1873இல் அந்தக் கிருமியைக் கண்டறிந்தார். மற்ற கிருமிகளோடு ஒப்பிட்டால் இது மிக மந்தமாகப் பெருகுவது. ஒன்று இரண்டாவதற்கே ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகின்றன. உடலுக்குள் நுழைந்த கிருமி நோயாக வெளிப்படச் சராசரியாக 5 ஆண்டுகள் ஆகும், சிலருக்கு 20 ஆண்டுகளும் ஆகும். சிகிச்சை பெறாத ஒருவருடன் நெடுங்காலம் நெருங்கிப் பழகும்போது, அவருடைய மூக்கிலிருந்தும் வாயிலிருந்தும் வெளிப்படும் நுண்துளிகள் வழியாகவே அது பரவுகிறது. அப்படிப் பரவினாலும், மனிதர்களில் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோருக்கு இதை எதிர்க்கும் ஆற்றல் இயற்கையாகவே இருப்பதால் அவர்களுக்கு நோய் வருவதில்லை. கைகொடுப்பதாலோ, சேர்ந்து உண்பதாலோ, பக்கத்தில் உட்கார்வதாலோ இது ஒட்டாது. எல்லாவற்றையும்விட முக்கியமான செய்தி, சிகிச்சையைத் தொடங்கியவரிடமிருந்து நோய் பரவுவதில்லை என்பது. மாதந்தோறும் சுகாதாரப் பணியாளர் முன்னிலையில் விழுங்கும் ரிஃபாம்பிசின், முதல் தவணையிலேயே கிருமிகளில் மிகப் பெரும்பகுதியைச் சில நாட்களுக்குள் அழித்துவிடுகிறது. உங்கள் அம்மா தை மாதத்திலேயே மருந்தைத் தொடங்கிவிட்டார். டீக்கடையில் பேப்பர் கப் எடுத்துக் கொடுக்கப்பட்ட நாளில் அவரால் யாருக்கும் எந்த ஆபத்தும் இருந்திருக்காது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது, அந்த முழுக்கை ரவிக்கையும் அதற்குப் பின்னால் கழிந்த இரண்டு ஆண்டுகளும்தாம். தொழுநோய்க் கிருமி தோலோடு நில்லாமல் நரம்புகளையும் தாக்குகிறது. முழங்கையின் உட்புற எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு அதற்கு மிக எளிதில் இலக்காகிறது. அந்த நரம்பு தடித்து வலுவிழக்கும்போதுதான் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப்போய் மடங்குகின்றன. நரம்பு பாதிக்கப்பட்ட 6 மாதங்களுக்குள் கண்டறிந்து, பிரெட்னிசோலோன் மாத்திரையை மருத்துவர் மேற்பார்வையில் கொடுத்தால் பலருக்கு உணர்வும் வலுவும் திரும்புகின்றன. அந்தக் காலம் கடந்துவிட்டால் அவ்வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. உங்கள் அம்மாவின் விரல்கள் எந்த மாதத்தில் பலவீனமாகத் தொடங்கின என்று எனக்குத் தெரியாது. ஆனால் முதல் திட்டைக் கண்டதும் அவர் துணை சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தால் அந்த விரல்கள் பெரும்பாலும் நேராகவே இருந்திருக்கும் என்று மருத்துவ அனுபவத்திலிருந்து சொல்ல முடியும். அவர் ஏன் போகவில்லை? மருந்து எட்டாத தொலைவில் இருந்ததாலா? இல்லை. இந்த மருந்துகள் அரசு சுகாதார நிலையங்களில் இலவசமாகவே கிடைக்கின்றன. தெரிந்தால் ஊர் என்ன செய்யும் என்பதை அவர் அறிந்திருந்தார், அதனால் போகவில்லை. அவர் அஞ்சியபடியே ஊர் நடந்தும் காட்டியிருக்கிறது. ஆகவே அந்த இரண்டு விரல்களின் முடக்கத்தில் கிருமிக்கு எவ்வளவு பங்கோ, அதற்குக் குறையாத பங்கு ஊராரின் வெறுப்புக்கும் உண்டு என்று நான் கருதுகிறேன்.

இதில் இன்னொரு கொடுமையும் நிகழ்கிறது. அஞ்சி மறைப்பதால் சிகிச்சை தாமதமாகிறது. தாமதத்தால் விரல் மடங்குகிறது, பாதம் மரத்துப் புண்ணாகிறது. அந்த விரலையும் புண்ணையும் பார்த்த ஊரார், தாங்கள் அஞ்சியது சரிதான் என்று முடிவு கட்டுகிறார்கள். தொழுநோயில் விரல்கள் தாமாக உதிர்வதில்லை. உணர்வற்ற கையில் சூடு பட்டாலும், கருக்கரிவாள் கீறினாலும், நத்தை ஓடு கிழித்தாலும் வலி தெரியாததால் காயம் கவனிக்கப்படாமல் சீழ்பிடித்து, எலும்பு வரை சென்று, சிறுகச் சிறுகத் தேய்ந்துபோகிறது. உரிய காலத்தில் மருந்து உண்டவர்களில் பெரும்பாலோருக்கு இது எதுவும் நேர்வதில்லை. குணமடைந்தவர்கள் தழும்பும் இல்லாமல் நம்மிடையே நடமாடுகிறார்கள். அவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை என்பதால், இந்நோய் குணமாகும் என்பதற்கான சாட்சிகள் ஊருக்குத் தெரியாமலே போய்விடுகிறார்கள். கண்ணுக்குத் தெரிபவர்கள் காலம் கடந்து வந்தவர்கள் மட்டுமே.

ஒரு சிறிய கிராமத்தில் இந்த ஒதுக்கல் ஏன் இவ்வளவு கடுமையாக வலிக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ ஒரு டீக்கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த தெருவில் வேறு கடை இருக்கும். ஒரு முதலாளி வேலை மறுத்தால், சிரமப்பட்டாவது இன்னொருவரைத் தேடலாம். உங்கள் ஊரில் ஒரு டீக்கடை, ஒரு ரேஷன் கடை, ஒரு அங்கன்வாடி, நடவுக்குப் போகும் பெண்களின் கூட்டம் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். அந்த ஒன்று மூடினால் வாழ்க்கையின் அந்தப் பகுதி முழுவதுமாக மூடிவிடுகிறது. நடவு இயந்திரங்கள் வந்த பிறகு கைநடவு நாட்கள் ஏற்கெனவே சுருங்கிவிட்ட நிலையில், ஒரு குறுவைப் போகத்தை இழப்பது ஓர் ஏழை வீட்டுக்கு எவ்வளவு பெரிய அடி என்பதை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூலியோடு, வரப்பில் உட்கார்ந்து சோற்றைப் பகிர்ந்துகொள்ளும் துணையும் போய்விடுகிறது. இருபது ஆண்டுகள் தோளோடு தோள் நின்று நட்டவர் கூப்பிடாமல் போவது, முன்பின் அறியாத ஒருவர் திட்டுவதைவிடப் பன்மடங்கு புண்படுத்தும். அந்த அக்காவைக் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. மற்றப் பெண்கள் வர மறுத்துவிடுவார்களோ, நிலக்காரர் வேறு ஆட்களைக் கூப்பிட்டுவிடுவாரோ என்று அவரும் அஞ்சியிருக்கக்கூடும். ஒவ்வொருவரும் அடுத்தவர் என்ன நினைப்பாரோ என்று அஞ்சியே ஒதுங்குகிறார்கள். முடிவில், யாரும் மனமறிந்து எடுக்காத ஒரு தீர்மானம் முழு ஊரின் தீர்ப்பாகிவிடுகிறது.

அந்தப் பேப்பர் கப்பைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தனிக் குவளை என்பது காவிரிப் படுகைக்குப் புதியதன்று. நெடுங்காலம் சாதியின் பெயரால் டீக்கடைகளில் தனிக் குவளை வைக்கப்பட்டிருந்தது. அரசமைப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்த பிறகும் அந்தக் குவளைகள் பல ஊர்களில் எளிதில் மறையவில்லை. பண்ணையார்கள் தண்டனையாகக் கொடுத்த சவுக்கடியையும் சாணிப்பாலையும் எதிர்த்து விவசாயத் தொழிலாளர்கள் சங்கம் கட்டிப் போராடியதும் இதே மண்ணில்தான். மனிதரைப் பிரித்து வைக்கும் பழக்கம் நம் கைகளில் இன்னும் மிச்சமிருப்பதால்தான், யாரும் சொல்லித்தராமலே ஒரு கை பேப்பர் கப்பை நோக்கி நீள்கிறது. இதைத் தற்காப்பு என்று ஊரார் நினைக்கலாம். மருத்துவக் காரணம் எதுவும் இல்லாதபோது அதற்குத் தீண்டாமை என்பதைத் தவிர வேறு பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இதற்கும் மேலாக, ஊராரின் நலனையே முன்வைத்துச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. நடவுக் கூட்டத்தின் அக்காவிடமும் டீக்கடைக்காரரிடமும் நீங்கள் பேசும்போது இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். மந்தமாகப் பரவும் இந்தக் கிருமி உங்கள் அம்மாவுக்கு யாரோ ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கும். அந்த ஒருவர் ஊரில் இன்னும் இருக்கலாம், தமக்கு நோய் இருப்பதே அறியாமலும் இருக்கலாம். முதுகில் உணர்ச்சியற்ற ஒரு திட்டோடு இன்னொரு பெண் அதே நடவு வயலில் இன்று குனிந்துகொண்டிருக்கலாம். உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததை அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். இதைப் பார்த்த பிறகு அவர் செவிலியரிடம் போவாரா, முழுக்கை ரவிக்கை தைக்கக் கொடுப்பாரா? சிகிச்சை பெற்றுக்கொண்டிருக்கும் உங்கள் அம்மாவால் ஊருக்கு ஆபத்தில்லை. மறைத்துக்கொண்டிருக்கும் அந்த முகம் தெரியாதவரால்தான் ஆபத்து, அவரை மறைய வைப்பதோ ஊராரின் இந்த நடத்தை. தொழுநோய் தேசிய அளவில் பத்தாயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் கீழே குறைந்துவிட்டது என்று 2005 டிசம்பரில் இந்தியா எட்டிய இலக்கை, நோயே ஒழிந்துவிட்டது என்று பலரும் தவறாகப் புரிந்துகொண்டார்கள். உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படும் தொழுநோயாளிகளில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் இன்றும் இந்தியர்களே. குழந்தைகளும் அவர்களில் உண்டு. ஒரு குழந்தைக்கு இந்நோய் வந்தால், சிகிச்சை பெறாத பெரியவர் ஒருவர் அருகில் எங்கோ இருக்கிறார் என்றே நாங்கள் புரிந்துகொள்கிறோம்.

இனி உங்கள் அம்மாவின் மனத்துக்கு வருகிறேன், ஏனெனில் ஊரார் செய்ததைவிட ஆழமான காயம் அங்கே இருக்கிறது. அவர் தாமாகவே தனித் தட்டு எடுத்துக்கொண்டார். பேரனைத் தாமாகவே தவிர்க்கிறார். ஊரின் பார்வை உள்ளே புகுந்து அவருடைய சொந்தக் கருத்தாகவே மாறிவிட்டது. பாவம் என்ற எண்ணத்துக்கு மருத்துவ விளக்கத்தால் மட்டும் பதில் சொன்னால் அவர் காதில் ஏறாது என்பதை அறிவேன். அவர் நம்புகிற கோயில்களிலிருந்தே ஒன்றைச் சொல்லுங்கள். செவ்வாய்க் கோளாகிய அங்காரகனுக்கே தொழுநோய் வந்ததாகவும், வைத்தீசுவரன் கோயிலில் அது தீர்ந்ததாகவும் தலபுராணம் சொல்கிறது. ஆடுதுறைக்கு அருகிலுள்ள சூரியனார் கோயில் கதையிலோ ஒன்பது கோள்களுமே அந்த நோயை ஏற்கின்றன. அந்தக் கோள்களை இன்றும் நாம் விளக்கேற்றிச் சுற்றி வருகிறோம். நோய் வந்தவர் என்று எந்தக் கோயிலிலும் அங்காரகனை வெளியே நிறுத்தவில்லை. உங்கள் அம்மாவை மட்டும் ஏன் நிறுத்த வேண்டும்? இதைச் சொல்வதோடு நில்லாமல், இன்று இரவே அந்தத் தனித் தட்டை மற்றப் பாத்திரங்களோடு சேர்த்து அடுக்கிவிடுங்கள். நீங்கள் அவர் தட்டிலிருந்து ஒரு வாய் எடுத்து உண்ணுங்கள். வீட்டுக்குள்ளேயே ஒதுக்கல் நடந்தால் ஊரிடம் பேசும் தகுதி நமக்கு இல்லாமல் போகும்.

முகம் கறுத்ததற்குக் காரணம் குளோஃபாசிமின் என்ற மருந்து. அது தோலில் படிந்து செம்பழுப்பும் கருமையுமான நிறத்தைத் தருகிறது. வெயில் படும் இடங்களில் அது கூடுதலாகத் தெரியும், தோலும் வறளும். மருந்து முடிந்த பிறகு பெரும்பாலும் ஓராண்டுக்குள் இந்த நிறம் படிப்படியாக மறைந்துவிடும். குளித்தபின் ஈரம் காயும் முன்பே தேங்காய் எண்ணெய் தடவி வரட்டும். ரிஃபாம்பிசின் உண்ட நாளில் சிறுநீர் சிவந்து போவதைக் கண்டும் பயப்பட வேண்டாம். 12 மாத மாத்திரைகளை 18 மாதங்களுக்குள் முடித்தாக வேண்டும். இடையில் நிறுத்தினால் கறுப்பு மறையலாம், ஆனால் மிஞ்சிய கிருமிகள் மீண்டும் பெருகவும், மீதமுள்ள விரல்கள் பாதிக்கப்படவும் வழி திறக்கும். திட்டுகள் திடீரெனச் சிவந்து வீங்கினாலோ, முழங்கையில் நரம்பு வலித்தாலோ, காய்ச்சலோடு புதிய கட்டிகள் தோன்றினாலோ, கண் சிவந்து வலித்தாலோ, அது மருந்தின் கெடுதல் என்று எண்ணி மாத்திரையைத் தூக்கி எறியாமல் அன்றே மருத்துவரிடம் செல்லுங்கள். இறந்த கிருமிகளுக்கு எதிராக உடல் காட்டும் எதிர்வினை அது, தாமதித்தால் நரம்பு போய்விடும். சிகிச்சை முடிந்த பிறகும் சிலருக்கு இது வரும். உடலெங்கும் அரிப்போடு தடிப்பு வந்தால் மட்டும், அடுத்த மாத்திரைக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

மடங்கிய விரல்களுக்கு இன்றிலிருந்தே பயிற்சி தேவை. கையை வெதுவெதுப்பான நீரில் அல்ல, சாதாரண நீரில் கால் மணி நேரத்துக்கு மேல் ஊற வைத்து, எண்ணெய் தடவி, மற்றக் கையால் விரல்களை மெல்ல நீட்டிப் பழக்க வேண்டும். மரத்த கைக்கு நீரின் சூடு தெரியாது என்பதால் சூடான நீரைத் தவிர்க்கச் சொல்கிறேன். அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கத் தடித்த துணி வேண்டும். தினமும் இரவில் உள்ளங்கையையும் பாதத்தையும் யாராவது ஒருவர் பார்த்துக் கீறல் உண்டா என்று கவனிக்க வேண்டும். பாதம் மரத்திருந்தால் அதற்கென்று செய்யப்படும் மென்மையான ரப்பர் செருப்பு அரசிடமிருந்து இலவசமாகக் கிடைக்கும். விரல்கள் இறுகிப்போகாமல் காத்துக்கொண்டால், பின்னால் தசைநாண்களை இடம் மாற்றி விரலை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு உண்டு. இவ்வகைச் சிகிச்சையை 1940களின் பிற்பகுதியில் வேலூரில் அறுவை மருத்துவர் பால் பிராண்ட் தொடங்கி வளர்த்தார். தமிழ்நாடு இதில் உலகுக்கே வழிகாட்டிய இடம். இதற்கு உங்கள் மாவட்டத் துணை இயக்குநர் (தொழுநோய்) அலுவலகத்தின் வழியாகப் பரிந்துரை பெறலாம். கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் தொழுநோய் சிகிச்சையில் நெடுங்கால அனுபவம் உள்ள மருத்துவமனையும் உங்களுக்குத் தொலைவில்லை.

நீங்களும், உங்கள் மகனும், தங்கையும், வீட்டில் உள்ள அனைவரும் ஒருமுறை உடல் முழுவதும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். அம்மா சிகிச்சை தொடங்குவதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். அறிகுறி இல்லாதவர்களுக்கு ஒரே ஒரு வேளை ரிஃபாம்பிசின் கொடுத்து நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கும் திட்டம் தேசியத் தொழுநோய் ஒழிப்புத் திட்டத்தில் இருக்கிறது; இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் கருவுற்றவர்களுக்கும் அது தரப்படுவதில்லை. அண்டை வீட்டாரும் இதைப் பெறலாம். இந்தச் சாக்கில் தெருவில் நாலு பேர் பரிசோதனைக்கு வந்தால், மறைந்திருக்கும் அந்த ஒருவரும் கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வர வழி பிறக்கும்.

ஊராரை எதிர்கொள்ளும் விதம் பற்றியும் சொல்கிறேன். ஊர் முழுவதையும் ஒரே நாளில் மாற்ற முயல வேண்டாம். மூவரிடம் பேசினால் போதும்: நடவுக்கு ஆள் கூட்டும் அக்கா, அங்கன்வாடிப் பணியாளர், டீக்கடைக்காரர். தனியாகப் போகாமல், கிராம சுகாதார செவிலியரையோ வட்டாரத்தில் தொழுநோய்ப் பணியைக் கவனிக்கும் மருத்துவம் சாரா மேற்பார்வையாளரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். நோயாளியின் மகள் சொல்வதற்கும் சுகாதாரத் துறைப் பணியாளர் சொல்வதற்கும் ஊரில் வேறுபாடு உண்டு. அந்த வேறுபாடு நியாயமானதன்று, ஆனாலும் அதைப் பயன்படுத்திக்கொள்வதில் தவறில்லை. அக்காவிடம் குற்றம் சாட்டும் தொனி வேண்டாம். சம்பா நடவு தொடங்கும் முன் அவரைப் பாருங்கள். அம்மா நடவு செய்யக் கூடாது என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை என்று சுகாதார நிலைய மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போனால், நிலக்காரரிடம் காட்டுவதற்கு அவருக்கும் ஒரு காகிதம் கையில் இருக்கும். காலில் உணர்வு குறைந்திருந்தால் மட்டும் சேற்றில் இறங்குவது பற்றி மருத்துவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

அங்கன்வாடியில் நடப்பதைப் பொறுத்துக்கொள்ளவே வேண்டாம். நோயே இல்லாத ஒரு குழந்தையைத் தள்ளி உட்கார வைப்பது, மற்றக் குழந்தைகளுக்கும் ஒதுக்கலைப் பாடமாகக் கற்பிப்பதாகும். முதலில் பணியாளரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள்; மாறவில்லையென்றால் வட்டாரக் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரிடம் எழுத்தில் முறையிடுங்கள். ஆகஸ்ட் 15 அன்று நடக்கும் கிராம சபையில் தொழுநோய் விழிப்புணர்வைப் பொருளாகச் சேர்க்கும்படி ஊராட்சித் தலைவரைக் கேட்கலாம். காந்தியடிகள் மறைந்த ஜனவரி 30 அன்று நாடெங்கும் தொழுநோய் ஒழிப்பு நாள் கடைப்பிடிக்கப்படுவதும், தொழுநோயுற்ற சமஸ்கிருத அறிஞர் பர்ச்சுரே சாஸ்திரிக்கு சேவாகிராம ஆசிரமத்தில் காந்தி தம் கையாலேயே பணிவிடை செய்ததும் அங்கே சொல்லத் தகுந்தவை. ஆனால் அந்தக் கூட்டத்தில் உங்கள் அம்மாவின் பெயர் அவருடைய சம்மதம் இல்லாமல் யார் வாயிலிருந்தும் வரக் கூடாது. தலைவரிடமும் செவிலியரிடமும் இதை முன்கூட்டியே உறுதி செய்துகொள்ளுங்கள்.

இல்லத்தில் சேர்க்கச் சொல்லும் உறவினர்களுக்குச் சட்டத்தின் நிலையையும் தெரிவிக்கலாம். தொழுநோயாளிகளைப் பிடித்து அடைத்து வைக்க இடம் கொடுத்த 1898ஆம் ஆண்டுச் சட்டம் 2016இல் நீக்கப்பட்டுவிட்டது. தொழுநோயைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்கும் வழியையும் 2019ஆம் ஆண்டின் தனிநபர் சட்டங்கள் திருத்தச் சட்டம் எடுத்துவிட்டது. தொழுநோயிலிருந்து குணமடைந்து ஊனத்தோடு வாழ்வோரை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் தன் பாதுகாப்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. சிகிச்சை முடிந்த பிறகும் விரல் குறைபாடு நீடித்தால் அதற்கான அடையாள அட்டைக்கும் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பியுங்கள். தாயை ஊரைவிட்டு அனுப்பினால், அவர் ஆபத்தானவர் என்று குடும்பமே ஒப்புக்கொண்டதாகத்தான் ஊர் அதைப் படிக்கும். அதன் பிறகு அவர் திரும்பி வரும் நாள் எளிதாக இருக்காது. நடுவில் மாத்திரை விட்டுப்போகும் ஆபத்தும் உண்டு. தங்கையின் திருமணத்துக்கும் அது உதவாது.

திருமணத்தைப் பற்றி இறுதியாகச் சொல்கிறேன். அம்மாவின் நோயை வெளியிடுவதும் வெளியிடாமல் இருப்பதும் அம்மாவின் உரிமை. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லியே ஆக வேண்டும் என்ற சட்டக் கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் ஊருக்கே தெரிந்துவிட்ட ஒரு செய்தி அவர்கள் காதுக்குப் போகாமல் இருக்காது. அது டீக்கடை வழியாகத் திரிந்து போவதைவிட உங்கள் வாயிலிருந்து முழுமையாகப் போவதே நல்லது என்பது என் கருத்து. அம்மாவிடமும் தங்கையிடமும் கலந்து பேசி, இருவரும் ஒப்புக்கொண்டால், நிச்சயத்துக்கு முன்பே வீட்டுப் பெரியவர் ஒருவரை அனுப்பிச் சொல்லுங்கள்: இது பரம்பரை நோய் அன்று, அம்மா சிகிச்சையில் இருக்கிறார், அவரிடமிருந்து பரவாது, பெண்ணைப் பரிசோதித்தாயிற்று. அந்தப் பரிசோதனையை முதலில் முடித்துவிடுங்கள். அவர்களுக்கு ஐயம் இருந்தால் சுகாதார நிலைய மருத்துவரை நேரில் சந்திக்கச் சொல்லலாம்; அம்மாவின் அனுமதியோடு அவர் விளக்குவார். மணமகன் மட்டுமாவது வந்து கேட்டுப் போனால் மிகவும் நல்லது. இவ்வளவுக்குப் பிறகும் அவர்கள் பின்வாங்கினால், அதன் பழியை அம்மாவின் மீதோ, அவருக்கு மருந்து தொடங்கிய உங்கள் மீதோ யாரும் சுமத்த இடம் கொடுக்காதீர்கள். முக்கியமாகத் தங்கை அம்மாவிடம் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அவர்கள் சம்மதித்தால், நிச்சயத் தாம்பூலத்தை அம்மாவே தம் கையால் எடுத்துக் கொடுக்கட்டும்.